நோனா என்று கூப்பிட்ட கணவர்

பாரிசவாதம் என்கிற பக்கவாதம் வந்து பிழைத்தவர்களிடம் கேள்வி கேட்பது என் வேலையாக இருந்தது. எங்கள் மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த நோயோடு சேர்க்கப்படுகிறவர்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு அது வருவதற்கு எதெல்லாம் காரணமாக இருந்திருக்கும் என்று கேட்டு எழுத வேண்டும். வீட்டுக்குப் போன பிறகும் விடுவதில்லை. ஒரு வருடத்துக்குள் மூன்று முறை பின்னாலேயே போய் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முதல் பகுதிக்கு ஆபத்துக் காரணிகள் என்று பெயர். இரண்டாவது பகுதிக்கு விளைவு என்று பெயர். விளைவை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. பூச்சியம் என்றால் ஒரு குறையும் இல்லை. ஆறு என்றால் ஆளே இல்லை. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் நடுவில் இருந்தார்கள்.

நான் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். பதுளையில் ஒரு பார்மசியில் சில வருடங்கள் வேலைக்கு நின்றதில் சிங்களம் தடையில்லாமல் வந்தது. இந்த வேலைக்கு என்னை எடுத்ததற்குக் காரணம் அந்த இரண்டு மொழிகள்தான் என்று நேர்முகத் தேர்வில் வெளிப்படையாகவே சொன்னார்கள். என் பட்டத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேள்விகள் எங்கோ குளிர் நாடொன்றில் எழுதப்பட்டு, கொழும்பில் மொழிபெயர்க்கப்பட்டவை. “ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வீர்களா?” என்று மலையேறிக் கொழுந்து எடுக்கிற பெண்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் யோசித்துவிட்டு, “ஓய்வு நேரம்னா எதுங்க?” என்று கேட்பார்கள். “உணவில் எவ்வளவு உப்பு சேர்ப்பீர்கள்?” என்பதற்கு, “வாய்க்கு எடுக்குற அளவுங்க” என்பார்கள். அதற்கு மேல் யாரையும் நெருக்க முடியாது. ‘தெரியாது’ என்று ஒரு கட்டம் இருந்தது. உப்பைப் பொறுத்தவரை எங்கள் மாகாணம் முழுவதும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தவரை ஆண்கள் வார்டில் முதன்முதலாகப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் வழக்கில் ஸ்டோரில், வேலை செய்தவர். வலது கை படுக்கையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கை போலக் கிடந்தது. பக்கத்தில் அவருடைய மனைவி சுடுதண்ணிப் போத்தலோடு நின்றிருந்தார்.

நான் முதலில் தாதியிடம் அவருடைய பேச்சு எப்படி என்று கேட்டேன். நன்றாகப் பேசுகிறார், இந்த வார்டிலேயே இவ்வளவு பணிவான மனிதர் கிடையாது என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நான் ‘பேச்சு: வழமை’ என்று குறித்துக்கொண்டேன். பிறகு மனைவியிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

“பேச்சே இல்லீங்க மிஸ்ஸு” என்றார் அவர். “வாயத் தொறந்தா என்னமோ ஒளறுறாரு. அவ்ளோதான்.”

ஒரே மனிதரைப் பற்றி இரண்டு பேர் சொல்வது கொஞ்சம் வேறுபடலாம். இவ்வளவு வேறுபடக் கூடாது. நான் பேனாவை எடுத்து அவர் முன்னால் காட்டி, “ஐயா, இது என்னா?” என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கியது. பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். ‘அ’ என்று ஆரம்பித்தது அங்கேயே நின்றது. கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அதுவும் அப்படியே. கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் தாதி கட்டிலைக் கடந்து போனார். அவர் தாதியைப் பார்த்து ஒரு முழு வாக்கியத்தைத் தட்டுத் தடங்கலில்லாமல் சொன்னார்.

“இதத்தான் சொன்னேன்” என்றார் மனைவி. “இப்புடித்தான் ராப்பகலா ஒளறுறாரு.”

“அக்கா, அது ஒளறல் இல்ல. சிங்களம். ஜன்னலக் கொஞ்சம் சாத்த முடியுமான்னு கேக்குறாரு.”

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“அவருக்கு எதுக்குங்க சிங்களம்?” என்றார்.

வார்டு டொக்டர் விளக்கிச் சொன்னார். மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்து இப்படி எப்போதாவது நடப்பதுண்டு. இரண்டு மொழி தெரிந்தவருக்கு ஒன்று போய் மற்றது நிற்கும். தாய்மொழி போய்ப் பிந்தி வந்த மொழி நிற்பதும் உண்டு. தமிழில் சொன்னால் இவருக்கு விளங்குகிறது, திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. பயிற்சி கொடுத்தால் மெல்ல மெல்ல வரலாம். நான் இதையெல்லாம் மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்ப தமிழு எங்க போச்சி?” என்றார். டொக்டரிடம் கேட்டேன். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

விஷயம் பிறகு மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அவர் சின்ன வயதில் கொழும்பில் ஒரு சிங்கள வீட்டுக்குச் சமையலறை வேலைக்கு அனுப்பப்பட்டவர். மீசை முளைத்து நன்றாக வளர்ந்த பிறகுதான் தோட்டத்துக்குத் திரும்பினார். ஸ்டோரில் சேர்ந்தார், கல்யாணம் கட்டினார். அதன் பிறகு கடைக்குப் போனால் நாலு வார்த்தை பேசுவதைத் தவிர அவருக்குச் சிங்களத்துக்கு வேலை இருக்கவில்லை. மனைவிக்கோ கடைச் சிங்களம் மட்டும்தான். அரிசி, பருப்பு, என்ன விலை, வேண்டாம். கணவர் வாயிலிருந்து அது முழு வாக்கியமாக வந்தபோது அவர் காதுக்கு ஒரு மொழியாகவே படவில்லை.

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டொக்டரை அன்று மாலையே தொலைபேசியில் கூப்பிட்டேன். நல்ல மனிதர். விதிமுறையை மனப்பாடமாக வைத்திருப்பவர். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

“தாய்மொழி எது?” என்று கேட்டார்.

“தமிழ்.”

“பேசும் மொழி?”

“சிங்களம்.”

“அப்படியென்றால் தமிழ் கேள்விக்கொத்தைப் பயன்படுத்த முடியாது.”

“முடியாது டொக்டர். ஆனால் தமிழில் கேட்டால் அவருக்கு விளங்கும்.”

“தமிழில் கேட்டுச் சிங்களத்தில் பதில் வாங்கினால் அது எந்தக் கேள்விக்கொத்து?”

அவர் விதிமுறையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.  கடைசியில், சிங்களக் கேள்விக்கொத்தைப் பயன்படுத்துவது, தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று போடுவது, மற்றதையெல்லாம் ‘விசேட குறிப்புகள்’ பகுதியில் எழுதுவது என்று முடிவானது.

நோயாளி வீட்டுக்குப் போன பிறகு முதல் தடவையாக நான் பார்க்கப் போனேன். மலைப் பாதைகளுக்கு எப்போதும் ஒரே த்ரீவீலைத்தான் பிடிப்பேன். ஓட்டுபவர் பதுளை டவுனில் முன்பு புடவைக் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர்; நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்காமல் வண்டி எடுத்தவர். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே பாதை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு என்னோடு மேலே வந்து, வாசலுக்கு வெளியே நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நோயாளி பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. கையில் இன்னும் இல்லை. நான் உட்கார்ந்து காகிதங்களை எடுப்பதற்குள் அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

“அனே நோனா, வத்துற டிங்கக் தென்ன புளுவந்த?”

மனைவி என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

“கேட்டீங்களா மிஸ்ஸு? என்னைய நோனாங்குறாரு. கட்டின நாள்லேருந்து ‘ஏய்’னு கூப்புட்ட மனுசன். இப்ப கைகால் வெளங்காம உக்காந்துகிட்டு என்னையக் கேலி பண்றாரு. பக்கத்துக் காம்பராவுல எல்லாம் சிரிக்கிறாங்க.”

“கேலி இல்ல அக்கா. தண்ணி கேக்குறாரு.”

“தண்ணி கேட்டது எனக்கும் வெளங்குது. மத்தது என்னா?”

“‘அம்மா, தயவு செஞ்சி எனக்குக் கொஞ்சம் தண்ணி தர முடியுங்களா’ன்னு கேக்குறாரு.”

அவர் இன்னும் கிட்ட வந்தார்.

“தயவு செஞ்சியா?”

“ஆமா.”

“நல்லாக் கேட்டீங்களா?”

“கேட்டேன் அக்கா.”

அவர் உள்ளே போனார். வழக்கமாகப் பாவிக்கும் தகரக் கோப்பையை விட்டுவிட்டு, விருந்தாளிக்குக் கொடுக்கிற கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தார். கணவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றார். குடித்து முடித்ததும் கணவர் நன்றி சொன்னார். அதையும் நான் மொழிபெயர்த்தேன். “அது எதுக்கு” என்று சொல்லிவிட்டு அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

வாசலில் நின்ற நானா மெதுவாகச் சொன்னார்: “இது பங்களாச் சிங்களம் மகள். அந்தக் காலத்துல வீட்டு வேலைக்கு நின்ட ஆக்கள் இப்பிடித்தான் கதைக்கிற. இப்ப இத யாரும் பேசுறல்ல.”

அவர் சொன்னது சரி. அந்தக் கொழும்பு வீட்டில் எஜமானப் பெண்கள் என்றால் நோனா, ஆண்கள் என்றால் மாத்தயா. எதையும் கேட்கும் முன் ‘அனே’ என்று ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் கூடக் ‘கொஞ்சம்’தான் கேட்கலாம். இவரிடம் மிஞ்சியிருந்த சிங்களம் அது ஒன்றுதான். ஒரு மனைவியிடம் பேசுகிற சிங்களத்தை அவர் எங்குமே கற்றுக்கொண்டதில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை.

நான் கேள்விகளை ஆரம்பித்தேன். இரத்த அழுத்தம் இருப்பதாக இதற்கு முன் யாராவது சொன்னார்களா? சொன்னார்கள் என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் பார்த்து மாத்திரை கொடுத்தார்களாம். ஒழுங்காகப் போட்டீர்களா? இல்லை என்றார். மனைவி பக்கத்திலேயே இருந்தார். “என்னா சொல்றாரு?” என்று கேட்டார்.

இங்கே விதிமுறை தெளிவாக இருக்கிறது. நோயாளி சொல்வது இரகசியம். குடும்பத்தாருக்கும் சொல்லக் கூடாது. ஆனால் அந்த விதியை எழுதியவர்கள், நோயாளி எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லியும் பக்கத்திலிருக்கும் மனைவிக்கு விளங்காமல் போகிற ஒரு நிலைமையை யோசித்திருக்கவில்லை. நான் அவரிடமே கேட்டேன், அக்காவிடம் சொல்லட்டுமா என்று.

“கியன்ன” என்றார். சொல்லுங்கள் என்று அர்த்தம்.

சொன்னேன். அந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீருக்கு வெளியே போக வேண்டியிருந்ததாம். ஸ்டோரில் ரோலர் மெஷினை விட்டுவிட்டு அடிக்கடி போக முடியாது. கக்கூஸ் கட்டடத்துக்குப் பின்னால், தூரத்தில். இரண்டு தடவை மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் ஏசியிருக்கிறார். அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் கேட்டால் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிடுவார்.

மனைவி எழுந்து நின்றார். அதன் பிறகு அவர் பேசியது எதையும் நான் எழுதவில்லை. எழுத அதில் கட்டம் இல்லை. மாத்திரை போட்டியா போட்டியா என்று தினமும் கேட்டதையும், போட்டேன் போட்டேன் என்று தினமும் அவர் சொன்னதையும், விழுந்த அன்று காலையில் கூடக் கேட்டதையும், முதுகில் ஏற்றி ஸ்டோர் லொறி வரைக்கும் கொண்டு போன ஆட்களையும், கொழும்பில் கடையில் நிற்கிற மகன் பாதி ராத்திரியில் பஸ் ஏறி வந்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.  கணவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு விளங்கியது என்பது தெரிந்தது. மனைவி நிறுத்தியதும் அவர் சரி என்று மட்டும் சொன்னார்:

“ஹரி, நோனா.”

“இது எனக்கே வெளங்குது” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கீழே இறங்கும்போது நானா, தன்னுடைய சீனி வருத்தத்துக்கான, அதாவது நீரிழிவுக்கான, மாத்திரை எந்த நேரத்தில் போட வேண்டியது என்று என்னிடம் விசாரித்தார். அதற்கு முன்பு அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதே எனக்குத் தெரியாது.

பங்குபற்றுபவர்களுக்குக் கொடுக்கிற தகவல் தாளில் என் நம்பர் இருக்கும், ஆராய்ச்சி பற்றிய சந்தேகங்களைக் கேட்க. யாரும் கூப்பிட்டதில்லை. அக்கா கூப்பிட்டார். கூப்பிட்டது மட்டுமல்ல, கணவர் பேசுவதை போனில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினார். முதலில் மகனுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தாராம். கடையில் ஆட்கள் நிற்கும்போது அப்பா சிங்களத்தில் பேசுவதைக் காதில் வைத்துக் கேட்டுத் தமிழில் திருப்பி அனுப்ப மகனுக்கு நேரம் இல்லை. அதனால் எனக்கு வந்தது. நானும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெரும்பாலும் சின்ன விஷயங்கள். கூரைத் தகரம் ஒழுகுகிறது, வாளி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல்ல முடியுமா. கால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, அது நல்லதா கெட்டதா. ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நீளமாக வந்தது. “அனே நோனா, தவறாக நினைக்க வேண்டாம், பருப்பில் உப்பு இல்லை, மரக்கறியில் உப்பு இல்லை, ரொட்டியிலும் இல்லை. நான் ஏதாவது குற்றம் செய்திருந்தால் சொல்லுங்கள்” என்று இருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி அக்காவிடம் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தவள் நான்தான். முழுவதையும் மொழிபெயர்த்து அனுப்பினேன். “மிஸ்ஸுதான் சொன்னீங்கன்னு நீங்களே அவருக்குச் சொல்லுங்க” என்று பதில் வந்தது. சிங்களத்தில் பேசி அனுப்பினேன். “நல்லது நோனா, அப்படியே ஆகட்டும்” என்று அவர் என்னையும் நோனாவாக்கினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு குரல் பதிவு வந்தது. அக்கா அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்திருந்தார்: “எதுக்குக் கொழும்புல இருந்ததப் பத்தி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலேன்னு கேட்டேன். இதச் சொன்னாரு. என்னான்னு பாருங்க.”

அவர் நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தார். சமையலறைக்குப் பக்கத்தில் சாமான் அறையில் படுத்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் எழும்ப வேண்டியது. அந்த வீட்டார் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் குரலை உயர்த்தக் கூடாது. அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் அவர் குரலை உயர்த்தவே இல்லை. “தோட்டத்துக்குத் திரும்பி வந்தபோது, இனி என் வீட்டில் யாரிடமும் கெஞ்சிப் பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன் நோனா. நினைத்தபடியே இருந்துவிட்டேன். அது உங்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.”

அதைத் தமிழில் சொல்ல எனக்கு மூன்று தடவை பதிய வேண்டியிருந்தது. முதல் இரண்டு தடவையும் என் குரல் சரியாக வரவில்லை. மொழிபெயர்ப்பவள் அழக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை, ஆனால் அது தேவையில்லாத தகவல். அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். மாலையில் பதில் வந்தது.

“இத ஏன் நம்ம பாஷையில சொல்லல?”

அது எனக்கான கேள்வி இல்லை என்பதால் நான் பதில் அனுப்பவில்லை.

இரண்டாவது தடவை பார்க்கப் போனபோது அவர் தடியை ஊன்றிக் கதவு வரை வந்து என்னை வரவேற்றார். அளவுகோலில் ஒரு படி இறங்கியிருந்தார். இந்த அளவுகோலில் இறங்குவதுதான் நல்லது. நான் அவர் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தேன். பரவாயில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாராம். அக்கா அருகில் வந்து தன் கையையும் நீட்டினார்.

“எனக்கும் கட்டிப் பாருங்களேன் மிஸ்ஸு. சும்மாதான்.”

அவர் ஆராய்ச்சியில் இல்லை. அவருக்குப் பாரிசவாதம் வரவில்லை, ஆகவே அவருடைய அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமையில்லை. கட்டிப் பார்த்தேன். கணவருக்கு இருந்ததை விட அதிகமாக இருந்தது. நம்பாமல் கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தேன். அதே.

“கிளினிக்குக் கட்டாயம் போகணும் அக்கா.”

“போனா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக முடியாது. கங்காணி பேர வெட்டிருவாரு, அன்னிக்குச் சம்பளம் இல்ல. அதோட அந்த மாத்திரை” என்று நிறுத்தினார். “அதப் போட்டா மலையில எங்க போறது? பொம்பளைங்க நாங்க தேயிலைக்குள்ள எங்க போறது, சொல்லுங்க.”

 கணவர்தான் பேசினார். சிங்களத்தில், ரொம்ப நேரம். மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் மொழிபெயர்த்தேன்:

“நோனா போகத்தான் வேணும்ங்குறாரு. வேற மாத்திரை இருக்கும், டொக்டர்கிட்ட கேக்கலாம்ங்குறாரு. இல்லேன்னாலும் ஓடுறதுன்னா ஓடுங்க, யாரும் ஏசுனா ஏசட்டும்ங்குறாரு. நான் ஏச்சுக்குப் பயந்து மாத்திரைய விட்டதாலதான் இப்ப ஒரு கை இல்லாம இருக்குறேன், நீங்களும் விழுந்தா ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கைதான் மிச்சமிருக்கும், யாரு சோறாக்குறதுங்குறாரு.”

“அவருக்குச் சோத்துக் கவல” என்றார் அக்கா. ஆனால் அடுத்த கிழமை கிளினிக்குக்குப் போனார். கணவர் சொன்ன மாதிரியே வேறு மாத்திரை இருந்தது.

தமிழ் திரும்பி வந்தது மூன்றாவது வருகைக்குக் கொஞ்சம் முன்னால். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் படங்களைக் காட்டிப் பழக்கிக்கொண்டிருந்தார். பசு, வீடு, குடை. ஒன்றும் வரவில்லை. வந்தது வீட்டில்தான். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, அக்கா போட்டிருந்த கீரைப் பாத்திக்குள் பக்கத்து லயத்து ஆடு ஒன்று புகுந்துவிட்டது. அவர் தடியை ஓங்கிக்கொண்டு, “ஏய்!” என்று கத்தினார்.

“என்னாங்க?” என்று உள்ளேயிருந்து அக்கா பதில் கொடுத்தாராம்.

அக்கா இதைச் சொன்னபோது சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ரொம்ப நாளைக்கிப் பொறகு கூப்புட்டாருன்னு ஓடி வந்தேன் மிஸ்ஸு. வந்து பாத்தா ஆடு.”

அதன் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. போ, வா, சோறு, மழை. பிறகு இரண்டிரண்டாக. நான் போனபோது அவரால் சின்னச் சின்னத் தமிழ் வாக்கியங்கள் பேச முடிந்தது. பேனாவைக் காட்டினேன். “பேனா” என்றார். கடிகாரத்தைக் காட்டினேன். சரியாகச் சொன்னார். சிங்களமும் போகவில்லை. ஏவுவதற்குத் தமிழும் கேட்பதற்குச் சிங்களமும் என்று தானாகவே பிரிந்து நின்றன. அக்காவும் இதற்குள் அவருடைய சிங்களத்தை விளங்கிக்கொள்ளப் பழகியிருந்தார். ஆகவே என்னை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நான் வந்த வேலையை மட்டும் பார்த்தேன்.

கடைசிப் பகுதி பராமரிப்பவருக்கானது. “நோய் வருவதற்கு முன்பிருந்ததோடு ஒப்பிடும்போது, நோயாளியுடன் உங்கள் உறவு இப்போது எப்படி இருக்கிறது?” முன்னைவிட நல்லது, அப்படியே, மோசம். இந்த மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

“அது எந்தப் பாஷையிலன்னு இருக்கே மிஸ்ஸு” என்றார் அக்கா.

“பொதுவாச் சொல்லுங்க.”

அவர் கணவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். கணவர் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் கேட்காத மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தமிழு வந்தவொடனே எனக்குச் சந்தோசந்தான். வராம இருக்குமா? ஆனா ஒரு பயமும் வந்திச்சி. பழைய ஆளு திரும்பி வந்துருவாரேன்னு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அப்படி முழுசா வரல. இப்ப தமிழ்ல கேட்டாலும், ‘கொஞ்சம் தண்ணி குடு’ங்குறாரு. அந்தக் ‘கொஞ்சம்’ முன்ன இல்ல. நல்லதுன்னே போடுங்க.”

நல்லது என்று போட்டேன். விளைவு அளவுகோலில் கணவருக்கு இரண்டு கிடைத்தது. எங்கள் மலைப் பக்கத்தில் அது நல்ல எண்.

ஆராய்ச்சி முடிந்து, எல்லோருடைய பதில்களையும் கணினியில் ஏற்றியபோது பொறுப்பு டொக்டர் கூப்பிட்டார். இவருடைய ‘விசேட குறிப்புகள்’ மட்டும் மற்ற எல்லோருடையதையும் சேர்த்ததை விட நீளமாக இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். கொழும்பு வீடு, நோனா, மாத்திரை, ஆடு வரைக்கும்.  

“இதை எந்த மாறிக்குள் போடுவது?” என்று கேட்டார். எண்ணாக மாற்றிப் பகுப்பாய்வில் சேர்க்கக்கூடிய விஷயத்துக்கு மாறி என்று பெயர்.

“எதற்குள்ளும் போகாது டொக்டர்.”

“போகாதுதான்” என்றார். பிறகு, தன் வீட்டிலும் சின்ன வயதில் மலைநாட்டிலிருந்து வந்த ஒருவர் சமையல் செய்துகொண்டிருந்தார் என்றும், அவர் தமிழ் பேசித் தான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை என்றும் சொன்னார்.  சரி டொக்டர் என்றேன். இறுதி அறிக்கையில் எங்கள் நோயாளி தமிழர், ஆண், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர், மருந்தை இடைநிறுத்தியவர், விளைவு நல்லது என்று இருக்கிறார். எல்லாமே உண்மை.

போன மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தேன். அக்காவுடைய கிளினிக் நாள். கணவர் துணைக்கு வந்திருந்தார். கிளினிக்கில் நர்ஸ் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் அவர்தான் கேட்டு அக்காவுக்குச் சொன்னாராம், பாதி தமிழிலும் பாதி கையாலும். அக்காவின் அழுத்தம் குறைந்திருக்கிறது. வரிசை நீளம், உட்கார வாங்கு இல்லை, காலையில் குடித்த தேத்தண்ணியோடு இருக்கிறோம் என்று அக்கா என்னிடம் முறையிட்டார். நான் அந்த ஆஸ்பத்திரி ஆள் இல்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்த இவ்வளவு காலமாகியும் முடியவில்லை.

“இப்ப எங்க மிஸ்ஸு வேல?”

“வெலிமடைப் பக்கம் அக்கா. மரக்கறித் தோட்டக்காரங்ககிட்ட. சீனி வருத்தம் பத்தி.”

“அவங்களையும் வருசம் முழுக்கக் கேள்வி கேப்பீங்களா?”

“ரெண்டு வருசம்.”

“பாவம்” என்றார். அவர்களுடைய பஸ் வந்தது. அக்கா முதலில் ஏறி இரண்டு இருக்கை பிடித்தார். கணவர் இடது கையால் கம்பியைப் பிடித்து, நிதானமாக, ஒவ்வொரு காலாக ஏறினார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவர் திரும்பி அவர்களிடம் ஏதோ சொன்னார். எந்த மொழியில் என்று எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் பொறுத்து நின்றார்கள்.